இரண்டு நாட்காட்டிகளின் செவிலிக்கு

நாணல் நெருங்கிய நன்னீர்க் கழிமுகத்தின் நலம் காத்த நங்கையே! சுரமும் சளியும், பிரசவமும் பேதியும், பிடிவாதமும் பேச்சும் என எங்கள் லெபெத்கா ஊரார் கொண்டுவந்து கொட்டியதையெல்லாம் நாற்பது ஆண்டுகள் முகம் சுளித்தவாறே பொறுத்தருளிய பெருந்தகையே! ஊசி பிடித்த கையால் துடுப்பும் பிடித்து, துடுப்பு பிடித்த கையால் துவண்டவர் நாடியும் பிடித்த தூயவரே! ஏழு டாக்டர்களை வரவேற்று, ஏழு பேரையும் கப்பலேற்றி வழியனுப்பி, எட்டாமவரையும் ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடவைத்த ஏந்தலே! அக்லாயா வசீலியெவ்னா அவர்களே! வணக்கம்.

லெபெத்கா கிராமச் சுகாதார நிலையத்தின் பணியாளர்களாகிய நாங்கள், வியாழன்தோறும் கப்பலில் வந்துபோகும் டாக்டர் ஹோரியா, அடுப்பையும் தரையையும் பார்த்துக்கொள்ளும் அனிசியா, படகோட்டி கூஸ்மா எஃபிமோவ் ஆகிய மூவரும், தங்கள் பணி நிறைவு விழாவில் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது. மூன்று பேர்தானா என்று நேற்றைய கப்பலில் வந்த விருந்தினர்கள் நினைக்கலாம். மூன்று பேர்தான். உங்களோடு சேர்த்து நான்கு.

எழுதியவன் கூஸ்மா. டாக்டர் பள்ளிக்கூடத்திலிருந்து பழைய மடல் ஒன்றை வாங்கிவந்து, "இதப் பாத்து எழுதுங்க கூஸ்மா அண்ணே, கம்பீரமா இருக்கணும்" என்றார். அது கணக்கு வாத்தியாருக்கு எழுதிய மடல். அதில் அவரை அறிவுக் கடல் என்று நான்கு இடத்தில் அழைத்திருந்தார்கள். நீங்களோ படகில் கடலைப் பார்த்தாலே வாந்தி எடுப்பவர். ஆகவே முதல் பத்தியை மட்டும் மடல்போல் எழுதினேன். மீதி எனக்கு வந்தபடி.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மடலின் முடிவில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. பாராட்டு மடலில் விண்ணப்பம் வைப்பது முறையல்ல என்றார் டாக்டர். முறை பார்த்துக்கொண்டிருந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்றேன் நான். நீங்கள் அறியாத ஒரு செய்தி வியாழக்கிழமைக் கப்பலில் வந்தது. உங்கள் இடத்துக்கு வரவேண்டிய நர்ஸ் தெக்லாவை அவர் வேலை பார்க்கும் இடத்தில் பதின்மூன்றாம் தேதி வரை விடமாட்டார்களாம். பதினான்காம் தேதி காலைதான் இங்கே கால் வைப்பாராம். நாளை திங்கள் முதல் பதின்மூன்றாம் தேதி வெள்ளி வரை எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து வேலை நாள். பத்து வேலை நாள் தொடர்ந்து பூட்டிக் கிடக்கும் நிலையத்தின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும் என்பது மேலிடத்து விதி. இப்போது நிமிர்ந்து என்னைப் பார்க்காதீர்கள் அம்மா, எனக்கு வாசிக்க வராது. முடிவு வரை கேளுங்கள்.

பூட்டு என்றால் ஏன் இந்தப் பயம் என்று விருந்தினர்களுக்கும் இளையவர்களுக்கும் தெரியவேண்டும். எங்கள் நிலையம் 1957-ஆம் ஆண்டு மீன் வாங்கும் கொட்டகையின் பின்புறம், ஐஸ் அறைக்கு அடுத்த இரண்டு அறைகளில் தொடங்கியது. முதலில் வந்தவர் கம்பவுண்டர் நிகிஃபோர். அவரிடம் சிவப்பு மருந்து ஒன்றும் வெள்ளை மருந்து ஒன்றும் இருந்தன. வெளியே எது வந்தாலும் சிவப்பு, உள்ளே எது வந்தாலும் வெள்ளை. ஆனாலும் மனிதர் இருபது வருடம் ஒரு நாளும் கதவைச் சாத்தவில்லை. 1977-இல் அவர் ஓய்வு பெற்றபோது, இரண்டு வாரத்தில் வேறு ஆள் வரும் என்று கடிதம் வந்தது. கதவைப் பூட்டிச் சாவியை மீன் கொட்டகையில் ஆணியில் மாட்டினார்கள். அந்த இரண்டு வாரம் ஆறு வருடமாயிற்று. சாவித் துவாரத்தில் குளவி கூடு கட்டியது.

அந்த ஆறு வருடத்தின் இரண்டாம் இலையுதிர் காலத்தில் என் அக்கா லுக்கேரியாவுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. நகரத்துக்கு ஐந்து மணி நேரத் துடுப்பு. பட்டப்பகல், எதிர்க்காற்று, எனக்கு இருபது வயது. "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போ, குலுங்குது" என்றாள். மெதுவாகப் போனால் ஆகாது என்று எனக்குத் தெரியும், அதனால் அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. பெரிய வளைவு தாண்டுவதற்குள் அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. அன்று நிகிஃபோர் இருந்திருந்தால் வெள்ளை மருந்தைக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பே வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு கை அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்திருந்தால் நேரத்தோடு கப்பலேற்றியிருப்போம். இதை உங்களைத் தவிர இந்த ஊரில் நான் யாரிடமும் உரக்கச் சொன்னதில்லை. இன்று சொல்லவேண்டியிருக்கிறது.

1983 செப்டம்பரில் நீங்கள் வந்தீர்கள். திராட்சை மலையிலிருந்து, இருபத்திரண்டு வயதில், ஒரு மரப்பெட்டியோடு, நகரத்துச் செருப்போடு. இறங்கிய நாளே கொசு முகத்தை வீங்க வைத்துவிட்டது. ஒரு கண் திறக்கவில்லை. மற்ற கண்ணால் என்னைப் பார்த்து, "இங்க கட்டாயம் எத்தன வருஷம் இருக்கணும்?" என்று கேட்டீர்கள். "மூணு வருஷம் நர்ஸம்மா" என்றேன். "சரி, எண்ணிக்கிட்டே இருக்கேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு எண்ணுவதை எப்போது நிறுத்தினீர்கள் என்று உங்களிடம் கேட்கவேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு.

முதல் மாதமே தடுப்பூசி நாள் வந்தது. எங்கள் ஊர்த் தாடிக்காரர்கள் ஊசி போடவிட மாட்டார்கள், அது சாத்தானின் முத்திரை என்பார்கள் என்று உங்களிடம் நகரத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊரை நயமாக அழைக்கவேண்டும் என்று நீங்கள் யோசித்தீர்கள். வெறும் தேதி சொல்வதைவிட ஊர் மதிக்கும் திருநாளாகச் சொன்னால் நல்லது என்று நினைத்து, என்னைக் கூப்பிட்டு, "கூஸ்மா, முக்காட்டுத் திருநாளன்னிக்குக் காலைல எல்லாக் குழந்தைங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லு. செவுத்துல எழுதி ஒட்ட முடியாது, எவனாவது மேல எழுதிப் போட்டுடுவான். வாயால சொல்லு" என்றீர்கள். அந்தக் காலத்து அரசில் அரசாங்கச் சுவரில் திருநாள் பெயர் எழுதினால் வேலை போகும். "சரிங்க நர்ஸம்மா" என்று சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

அன்னை மரியாள் தன் முக்காட்டை ஊருக்கெல்லாம் போர்த்திக் காத்த நாள் அது. உங்கள் ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு. உங்கள் ஊரில் அது அக்டோபர் ஒன்று. எங்களுக்கும் அக்டோபர் ஒன்றுதான், ஆனால் எங்கள் கோயில் நாட்காட்டியில். அது அரசாங்க நாட்காட்டிக்குப் பதிமூன்று நாள் பின்னால் வரும். இது இன்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். ஆனால் அன்று, எங்கள் திருநாளின் பெயரைச் சொல்லி அழைக்கிறாரே, எங்கள் தேதியைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். கூஸ்மா எதுவும் கேட்காமல் தலையாட்டுகிறானே, தேதி அவனுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைத்தீர்கள்.

அக்டோபர் ஒன்றாம் தேதி சனிக்கிழமைக் கப்பலில் ஊசி மருந்து வந்தது. நீங்களே துறைக்குப் போய்த் தூக்கிவந்து, குளிர்பெட்டி இல்லாததால் மீன் ஐஸுக்குள் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தீர்கள். ஒரு குழந்தையும் வரவில்லை. நான் நாணலுக்குள் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது சாதாரணச் சனிக்கிழமை. மாலையில் மருந்தைத் திருப்பிக் கட்டி, கூடவே ஒரு கடிதமும் எழுதி, மறுநாள் கப்பலில் அனுப்பிவிட்டீர்கள். கடிதத்தில் இருந்தது ஒரே வரி. ஊர் மறுத்துவிட்டது, இங்கே நிலையம் வைத்துப் பயனில்லை. அதன்பின் பதிமூன்று நாள் நீங்கள் எங்கள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், வீட்டு நினைப்பு என்று அனிசியா அக்கா உங்களுக்குக் கெண்டை மீன் சூப்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

பதினான்காம் தேதி காலை பூசை முடிந்ததும் முப்பத்தெட்டுக் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். குளிப்பாட்டி, தலைவாரி, ஞானஸ்நானத்தில் கட்டிய இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் புதுக்கயிறு கட்டி, திருநாள் சட்டை போட்டு. முன்னால் அனிசியா அக்கா, அப்போது இருபத்தெட்டு வயது, கையில் ஒன்று, பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு. நீங்கள் கதவைத் திறந்து பார்த்து அப்படியே நின்றீர்கள்.

"இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"நீங்கதான முக்காட்டுத் திருநாளன்னிக்கு வரச் சொன்னீங்க. இன்னிக்குத்தான் முக்காட்டுத் திருநாள். ஊசி எங்க?"

"அது போய் ரெண்டு வாரம் ஆச்சு."

"எங்க போச்சு? இப்பதான பூச முடிஞ்சுது."

நீங்கள் திரும்பிச் சுவரில் இருந்த அரசாங்க நாட்காட்டியைப் பார்த்தீர்கள். மெல்ல, ஒரு விரலை மடக்கி மடக்கி எண்ணினீர்கள். "உங்களுக்கு எப்பவும் பதிமூணு நாள் பின்னாடியா?" என்று கேட்டீர்கள்.

"நாங்க பின்னாடி இல்ல நர்ஸம்மா. நீங்கதான் அவசரப்படுறீங்க" என்றார் அனிசியா அக்கா.

நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. அழுதீர்களா சிரித்தீர்களா என்று எனக்கும் அனிசியா அக்காவுக்கும் நாற்பது வருடமாக வழக்கு நடக்கிறது. பிறகு எழுந்து என்னிடம், "கூஸ்மா, படக எடு. அந்தக் கடுதாசிய யாராவது படிக்கறதுக்குள்ள நான் திரும்பி வாங்கணும்" என்றீர்கள். வெள்ளிக்கிழமை, கப்பல் இல்லை. பெரிய திருநாளில் துடுப்பைத் தொடக்கூடாது, தொட்டேன். அதற்காகப் பின்னால் பாதிரியார் என்னை நூறு முறை விழுந்து கும்பிட வைத்தார். ஆளுக்கு ஒரு துடுப்பு. பெரிய வளைவு வந்ததும் நான் வேகத்தைக் கூட்டினேன். ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள், அப்போதுதான் லுக்கேரியா அக்காவைப் பற்றி உங்களிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நகரம் வரை துடுப்பை என்னைவிட வேகமாகப் போட்டீர்கள். சுகாதார அலுவலகத்தின் கதவு சாத்தும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். கடிதம் யாரும் பிரிக்காமல், ஒரு தேநீர்க் கோப்பைக்கு அடியில், வட்டக் கறையோடு கிடந்தது. அப்படிச் சோம்பேறியாக இருந்த அந்த மனிதருக்கு நான் இன்றும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.

கடிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, கெஞ்சிப் புது மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினோம். மீன் ஐஸில் வைத்த மருந்து. எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் கெண்டை வாசத்தோடுதான் தடுப்பூசி ஏறியது. ஊசி போடுவதற்கு முன் நீங்கள் முப்பத்தெட்டுக் குழந்தைகளின் வீட்டுக்கும் போனீர்கள். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தை. "தப்பு என்னோடது. உங்க தேதி எதுன்னு நான் கேக்கல." அதிகாரி ஒருவர் தப்பு என்னுடையது என்று சொல்லி அதற்கு முன் எங்கள் ஊர் கேட்டதில்லை. அனிசியா அக்கா வீட்டு வாசலில் அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "உங்க அப்பா பேரு என்ன?" என்றார். "வசீலே." "அப்ப நீங்க அக்லாயா வசீலியெவ்னா. உள்ள வாங்க, டீ ஆறுது." அப்பா பெயரைச் சேர்த்து அழைப்பது நாங்கள் எங்கள் ஆட்களுக்கு மட்டும் தரும் மரியாதை. அன்றிலிருந்து உங்களை இங்கே யாரும் நர்ஸம்மா என்று அழைக்கவில்லை.

அடுத்த வாரமே சுவரில் இரண்டாவது ஆணி அடித்தீர்கள். ஒன்றில் அரசாங்க நாட்காட்டி, ஒன்றில் கோயில் நாட்காட்டி. அன்று முதல் இந்த நிலையத்தின் கதவைத் தாண்டிப் போன ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு தேதி. மேலே எங்கள் தேதி, கீழே உங்கள் தேதி, நடுவில் ஒரு கோடு. மாத்திரை முடியும் நாள், கட்டு அவிழ்க்கும் நாள், பிள்ளை பிறக்கும் நாள், எல்லாம் அப்படியே. புதிதாக வரும் டாக்டர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் அவர்களும் எழுதுவார்கள். டாக்டர் ஹோரியா தன் கல்யாணப் பத்திரிகையிலும் இரண்டு தேதி போட்டதால் மாமனார் வீட்டில் கலவரம் ஆனது தனிக் கதை.

அந்தக் கோடு எனக்கு என்ன செய்தது என்று சொல்லவேண்டும். 1988-இல் என் மனைவி மெலானியா நிறைமாதமாக நகரத்தில் சேர்க்கப்பட்டிருந்தாள். அங்கே எழுதிய அட்டையில், பிள்ளை பிறக்கும் நாளாக அவள் ஒரு திருநாளைச் சொல்ல, கேட்ட குமாஸ்தா தன் தேதியைப் போட்டுவிட்டார். நாள் கடந்துவிட்டது, நாளைக் காலை வயிற்றைக் கிழித்து எடுப்போம் என்றார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு லுக்கேரியா அக்காவைத் தவிர எதுவும் நினைவில் வரவில்லை. செய்தி கேட்டதும் நீங்கள் உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கப்பலில் வந்தீர்கள். பெரிய டாக்டரின் மேசையில் அதை வைத்து, "ஐயா, உங்க அட்ட பதிமூணு நாள் முந்திப் போகுது. இவங்களுக்கு அவசரம் கிடையாது" என்றீர்கள். அவர் சீட்டைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், காத்திருப்போம் என்றார். சொன்ன நாளில், கத்தி படாமல், என் மகள் ஃபெவ்ரோனியா பிறந்தாள். இதோ மூன்றாம் வரிசையில் தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அழாதே, இன்னும் நிறைய இருக்கிறது.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லலாம், பட்டியலும் எழுதி வைத்திருந்தேன், ஆனால் அனிசியா அக்கா மீன் சூப்பு ஆறிப்போகும் என்கிறார். ஆகவே நினைவுக்கு வருவதை மட்டும். வயிற்றுப்போக்கு வந்த கோடையில் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்காதே என்று ஊரெல்லாம் கத்திப் பார்த்தீர்கள், ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஒரு வார்த்தையை மாற்றினீர்கள். சமோவாரில் கொதித்தது தவிர எதுவும் தொண்டையில் இறங்கக்கூடாது என்றீர்கள். சமோவார் என்றதும், வீட்டு டீக் கொதிகலன் ஆயிற்றே, ஊர் கேட்டது. அந்தக் கோடையில் ஒரு சாவும் இல்லை, டீத்தூள்தான் தீர்ந்துபோனது. கிழவர் தெரெந்தி குடலிறக்க அறுவைக்குப் போனபோது, இடுப்புக் கயிற்றை அவிழ்த்தால் சாமியிடம் வெறும் உடம்போடு போக மாட்டேன் என்று கட்டிலைவிட்டு இறங்கிவிட்டார். நீங்கள் கயிற்றை அவிழ்த்து அவர் மணிக்கட்டில் கட்டி, "இடுப்புல இருந்தா என்ன, கைல இருந்தா என்ன, உங்க மேலதான இருக்கு தாத்தா" என்று சொல்லி உள்ளே அனுப்பினீர்கள். வெள்ளம் வந்த வருடம் நிலையம் பதினாறு நாள் என் படகில் நடந்தது. கூரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நீங்கள் படகிலிருந்து எழுந்து நின்று பிரஷர் பார்த்தீர்கள், நான் படகைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பதினாறு நாளும் கதவு திறந்திருந்ததாகத்தான் மேலே எழுதி அனுப்பினோம். திறந்துதான் இருந்தது, தண்ணீர் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

உங்கள் குணத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும், மடல் என்றால் குறை சொல்லக்கூடாது என்றாலும். கோபம் அதிகம். மருந்தை நிறுத்தியவனைக் கடைத்தெருவில் வைத்துத் திட்டுவீர்கள். சீட்டு எழுதும்போது யாரும் பேசக்கூடாது, பேனாவைக் கடன் கேட்கக்கூடாது. படகில் ஏறினால் முதல் வார்த்தை, "இந்த வருஷத்தோட சரி கூஸ்மா." கட்டாய மூன்று வருடம் போக, முப்பத்தேழு வருடம் கேட்டேன். ஆனால் அழைத்து நீங்கள் வராமல் இருந்ததில்லை. என் படகில் நாற்பது வருடம் ஏறினீர்கள், ஒருநாளும் மெதுவாகப் போ என்று சொன்னதில்லை.

இனி விண்ணப்பம்.

உங்களுக்கு ஒரே ஒரு ஆசை உண்டு, அது ஊருக்கே தெரியும். உங்கள் தங்கை இலிங்காவின் தோட்டத்தில் திராட்சை பறிப்பு அக்டோபர் முதல் வாரம். இலையுதிர் காலத் தடுப்பூசி வருவதும் அதே வாரம். நாற்பது வருடத்தில் ஒரு பறிப்புக்கும் நீங்கள் போனதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு லெபெத்கா கொசுவும் என்னைப் பார்க்காது என்று சொல்லிவந்தீர்கள். நாளைக் காலைக் கப்பலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. வந்தபோது கொண்டுவந்த அதே மரப்பெட்டிக்குச் சனிக்கிழமை நான்தான் கயிறு கட்டினேன். கட்டும்போதே தெக்லாவின் செய்தி என் சட்டைப் பையில் இருந்தது. "இறுக்கிக் கட்டு கூஸ்மா, திராட்ச மூட்ட மேல விழும்" என்று நீங்கள் சொன்னபோது அதை எடுத்துக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டருக்கும் வரவில்லை. அனிசியா அக்கா சொல்வதாக உள்ளே போனார், மாவு பிசையக் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அதனால்தான் மூன்று பெரியவர்கள் சேர்ந்து, நேரில் கேட்க முகமில்லாமல், மடலில் எழுதி, ஊர் முன்னால் வைத்து உங்களைக் கேட்கிறோம். கோழைத்தனம்தான், மன்னிக்கவேண்டும்.

டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். ஓய்வு பெற்றவர் தன் விருப்பத்தால், டாக்டரின் பொறுப்பில், கதவைத் திறந்து வைத்துப் பிரஷர் பார்க்கலாம், சீட்டு எழுதலாம், கட்டு மாற்றலாம். அப்படித் திறந்திருந்தால் அது பூட்டிய நாளாகாது. அதற்குரிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், உங்கள் கையெழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. சம்பளம் கிடையாது, நன்றிக் கடிதம்கூட வராது. கேட்பது பத்து வேலை நாள். உங்களுக்கு அது இன்னொரு திராட்சைப் பறிப்பு என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு வாரம்தானே என்று சொல்லிப் போட்ட பூட்டு எங்களுக்கு என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும்.

நியாயமும் ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் ஓய்வு பெறும் நாள் அக்டோபர் ஒன்று என்று உத்தரவில் எழுதியிருக்கிறது. எந்த நாட்காட்டியில் என்று எழுதவில்லை. மேலிடத்து நாட்காட்டியில் அது இன்று. எங்கள் நாட்காட்டியில் இன்று செப்டம்பர் பதினெட்டுதான். எங்கள் அக்டோபர் ஒன்று, முக்காட்டுத் திருநாள், இன்னும் பதிமூன்று நாள் கழித்து வருகிறது. அன்று காலைதான் தெக்லாவும் வருகிறார். நீங்கள் வந்த முதல் வருடம் எங்கள் நாட்காட்டியைக் கேட்காததால் பதிமூன்று நாள் எங்களிடமிருந்து போயிற்று. அந்தப் பதிமூன்று நாளை இப்போது திருப்பித் தரலாமா என்று கேட்கிறோம். தர முடியாது என்றால் ஒரு வார்த்தையும் பேசாமல் நாளைக் காலை பெட்டியை நானே கப்பலில் ஏற்றுவேன், கையசைப்பேன், கோபம் இருக்காது. இது சத்தியம்.

எங்கிருந்தாலும் நோய் நொடி உங்களை நெருங்காமல், கண்ணும் காலும் தெளிவாக, கோபம் கொஞ்சமும் குறையாமல், நூறாண்டு கடந்து நீங்கள் வாழவேண்டும். திராட்சை மலையில் கொசு இருக்காது, ஆனால் உங்களைத் திட்ட வைக்க ஆள் இல்லாமல் உங்களுக்குப் பொழுது போகாதே என்ற கவலை எங்களுக்கு உண்டு. அப்படி ஆனால் கப்பல் இருக்கிறது, என் படகும் இருக்கிறது. எங்கள் வீடுகளின் எல்லா மேசையிலும் உங்களுக்கு ஒரு தட்டு எப்போதும் இருக்கும்.

அன்பும் நன்றியும் நிறைந்த,
டாக்டர் ஹோரியா
அனிசியா
கூஸ்மா எஃபிமோவ்

லெபெத்கா கிராமச் சுகாதார நிலையம்
எங்கள் தேதி: செப்டம்பர் 18, 2023
உங்கள் தேதி: அக்டோபர் 1, 2023

கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன் கூஸ்மா கீழே சேர்த்தது:

வாசித்து முடித்தேன். அக்லாயா வசீலியெவ்னா எழுந்து வந்து மடலை என் கையிலிருந்து வாங்கிக் கடைசிப் பகுதியை ஒருமுறை தானே படித்தார். பிறகு தன் பேனாவை எடுத்தார். டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டுப் பேனாவை மறக்காமல் பையில் வைத்துக்கொண்டார். "வியாழக்கிழமையே தெரியும், இல்ல? பெட்டிக்கு அவ்வளவு கயிறு கட்டினியே, எவன் அவுக்கறது?" என்று என்னைக் கேட்டார். நான் அவிழ்க்கிறேன் என்றேன். இந்த முறை அழுதாரா சிரித்தாரா என்று வழக்கு வராது, ஊரே பார்த்தது, இரண்டும்தான்.

தங்கைக்குத் தொலைபேசி போட்டுச் சொல்லும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். இலிங்கா அம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, "நாப்பது வருஷமா இதேதான். சரி, கடைசி வரிசையப் பறிக்காம விட்டு வைக்கறேன், தாமதமாப் பறிச்சா இனிப்பும் ஜாஸ்தி. பதினாலாம் தேதிக் கப்பல்ல ஏத்தி விடுங்க. எந்தக் காலண்டர்ல பதினாலுன்னு கேக்காதீங்க, எங்க காலண்டர்ல" என்றார்.

மீன் சூப்பு ஆறிப்போயிருந்தது, எல்லாரும் குடித்தோம். போகும்போது வசீலியெவ்னா என்னிடம் கையை நீட்டினார். காலையில் விழாவில் பூமாலையோடு என்னிடம் ஒப்படைத்த சாவியைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. "கொடு. நாளைக்குத் திங்கக்கிழம, பிரஷர் பாக்குற நாள். எட்டு மணிக்குத் தொறக்கணும்" என்றார்.

கொடுத்தேன்.